மஜ்ரூஹ் சுல்தான்பூரி: மெட்டுக்குள் ஒரு கஜல் கவிஞர்

நல்ல உருதுக் கவிஞர்கள் பம்பாய் சினிமாவுக்குப் போய்த் தங்கள் கவிதையைத் தொலைத்துவிட்டார்களா, அவர்களில் ஒருவர் வாழ்க்கையை வைத்து விளக்க முடியுமா என்பது கேள்வி. வழக்கமாக இதற்குச் சாஹிர் லுதியான்வியையோ கைஃபி ஆஸ்மியையோ எடுத்துக்கொள்வார்கள். இருவரும் பெரியவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வாழ்க்கை மஜ்ரூஹ் சுல்தான்பூரியுடையது என்பது என் கருத்து. சாஹிரும் கைஃபியும் தங்கள் கவிதையைச் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர்கள். மஜ்ரூஹ் தன் யாப்புப் பயிற்சியைக் கொண்டுவந்தார். அதனால்தான் அந்தக் காலப் பாடக நடிகர் சைகல் முதல் ஆமிர் கான் வரை அவரால் எழுத முடிந்தது. கஜல் அவரைக் கைவிடவில்லை, அவரும் கஜலைக் கைவிடவில்லை. இழந்தது ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

1919 அக்டோபர் 1 அன்று பிறந்தார். இயற்பெயர் அஸ்ரார் உல் ஹசன் கான். குடும்பம் உத்தரப் பிரதேசத்தின் அவத் பகுதியிலுள்ள சுல்தான்பூரைச் சேர்ந்தது. அப்பா காவல்துறையில் இருந்தவர். மகனுக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டாம் என்று மதரஸாவில் சேர்த்தார். அங்கே அரபியும் பாரசீகமும் படித்தார் அஸ்ரார். பிறகு லக்னோவில் தக்மீல்-உத்-திப் கல்லூரியில் யுனானி வைத்தியம் கற்று ஹக்கீம் ஆனார். நாடி பிடித்துப் பார்த்து மருந்து எழுதிக்கொடுக்கும் தொழில். அதில் பெரிதாக வருமானம் இல்லை. சுல்தான்பூரில் நடந்த ஒரு முஷாயிராவில், அதாவது உருதுக் கவியரங்கில், கஜல் படித்தார். கூட்டம் கொண்டாடியது. வைத்தியம் பின்னால் போய்விட்டது. 'காயம்பட்டவன்' என்ற பொருளில் மஜ்ரூஹ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் கஜலுக்குப் பெயர்போன ஜிகர் முராதாபாதி அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் கஜலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. கஜல் என்றாலே காதல் பாட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது முதலில் ஒரு யாப்பு. ஒவ்வொரு ஷேரும் இரண்டு அடி, அந்த இரண்டடிக்குள் ஒரு முழு எண்ணம் முடிந்துவிட வேண்டும். முதல் ஷேரின் இரண்டு அடிகளும் ஒரே சொல்லிலோ சொற்றொடரிலோ முடியும். அது ரதீஃப். அதற்குச் சற்று முன்னால் ஒலி பொருந்தி வரும் சொல் காஃபியா. அடுத்தடுத்த ஷேர்களில் இரண்டாவது அடி மட்டும் இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும். இயைபுத் தொடை தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். இவற்றோடு பஹர் என்னும் சந்தம் வேறு இருக்கிறது. நெடிலும் குறிலும் எங்கே வர வேண்டுமோ அங்கேதான் வர வேண்டும், ஒரு அசை கூடவோ குறையவோ கூடாது. முஷாயிராவில் ஒரு அடி சந்தம் தப்பினால் முன்வரிசையில் இருக்கும் உஸ்தாதுகள், அதாவது மூத்த ஆசான்கள், முகம் சுளிப்பார்கள். இந்தக் கட்டுப்பாட்டிலேயே வளர்ந்தவர் மஜ்ரூஹ்.

1945-இல் பம்பாயில் சாபு சித்திக் கல்விக்கூடத்தில் நடந்த முஷாயிராவுக்கு வந்தார். கேட்க வந்தவர்களில் தயாரிப்பாளர் ஏ. ஆர். கர்தாரும் ஒருவர். தன் படத்துக்குப் பாட்டு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். மஜ்ரூஹ் மறுத்துவிட்டார். சினிமாப் பாட்டு கவிஞனுக்கு இழுக்கு என்பது அன்றைய உருதுப் புலவர் உலகின் பொதுவான எண்ணம். கர்தார் ஜிகரைப் பிடித்தார். நல்ல சம்பளம் வரும், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டாமா என்று குருவே எடுத்துச்சொன்ன பிறகுதான் சீடர் இறங்கிவந்தார். கர்தார் அவரை இசையமைப்பாளர் நௌஷாத்திடம் அழைத்துப்போனார். நௌஷாத் ஒரு மெட்டைக் கொடுத்து, இதே அளவில் எழுதுங்கள் என்றார். மஜ்ரூஹ் எழுதிக் கொடுத்தது 'ஜப் உஸ்னே கேஸூ பிக்ராயே, பாதல் ஆயே ஜூம் கே'. அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டாள், மேகங்கள் ஆடிக்கொண்டு வந்தன என்று பொருள். வேலை கிடைத்தது.

நம் ஊர்ப் பாடலாசிரியர்கள் தத்தகாரத்துக்கு எழுதுவார்களே, அதே வேலைதான் இது. மெட்டுக்கு எழுதுவது கவிஞனைக் கட்டிப்போடும் என்று பலர் வருந்துவார்கள். பஹருக்குள் பழகியவருக்கு மெட்டு இன்னொரு பஹர், அவ்வளவுதான். பிற்காலத்தில் எந்த இசையமைப்பாளர் எந்தத் தாளத்தைக் கொடுத்தாலும் மஜ்ரூஹ் தடுமாறாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் படம் 1946-இல் வந்த 'ஷாஜஹான்'. அதில் கே. எல். சைகல் பாடிய 'ஜப் தில் ஹி டூட் கயா' நாடெங்கும் பரவியது. 1947 ஜனவரியில் சைகல் இறந்தபோது, அவர் விரும்பியபடி இறுதி ஊர்வலத்தில் இந்தப் பாட்டு ஒலித்ததாகச் சொல்வார்கள். ஹக்கீமாக இருந்தவர் எழுதிய முதல் படத்திலேயே இப்படி ஒரு பாட்டு. 1949-இல் மெஹ்பூப் கானின் 'அந்தாஸ்'. திலீப் குமார், நர்கிஸ், ராஜ் கபூர் மூவரும் நடித்த அந்தப் படத்துக்கும் இசை நௌஷாத், பாட்டு மஜ்ரூஹ். அத்தோடு அவர் வாழ்க்கை சீராகப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை, ஏனென்றால் அவர் கம்யூனிஸ்டாகவும் இருந்தார். பம்பாயில் முற்போக்கு எழுத்தாளர் இயக்கம் அப்போது வலுவாக இருந்தது. அலி சர்தார் ஜாஃப்ரி, கைஃபி ஆஸ்மி போன்றோர் அதன் முன்னணியில் நின்றார்கள். அந்த வட்டத்தில் மஜ்ரூஹுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. கஜல் நவாபுகள் காலத்து வடிவம், உழைப்பாளிகளைப் பற்றி எழுத, ஒரே பொருளைத் தொடர்ந்து பேசும் நஜ்ம் என்னும் கவிதை வடிவமே பொருத்தம் என்று பல தோழர்கள் வாதிட்டார்கள். மஜ்ரூஹ் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய வடிவத்துக்குள்ளேயே புதிய அரசியலைச் சொல்ல முடியும் என்று எழுதிக் காட்டினார். அவருடைய ஒரு ஷேரின் கருத்து இது: கொடுமையின் இந்தக் கரிய இரவு எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு தூரமும், தூக்குமரத் தூண்கள் மேல் தலைகளை விளக்குகளாக வைத்துக்கொண்டே போங்கள். தூக்குமரம், இரவு, விளக்கு எல்லாமே பழைய கஜலின் சரக்குகள். பேசுவது மட்டும் 20-ஆம் நூற்றாண்டு. அவருடைய இன்னொரு ஷேர் இந்தி பேசுபவர்கள் நாவில் பழமொழியாகவே ஆகிவிட்டது: 'மைன் அகேலா ஹி சலா தா ஜானிப்-ஏ-மன்ஸில் மகர், லோக் சாத் ஆதே கயே அவுர் கார்வான் பன்தா கயா'. சேருமிடம் நோக்கி நான் தனியாகத்தான் கிளம்பினேன், ஆட்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள், பயணக்கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது. மேடைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லாத நாள் இருக்காது. எழுதியவர் பெயர் பலருக்குத் தெரியாது.

அவரைச் சிறைக்கு அனுப்பியது இந்தத் தரத்துக் கவிதை இல்லை. 1949 வாக்கில், குடியரசாகப் போகிற இந்தியா காமன்வெல்த்தில் தொடரலாம் என்று நேரு அரசு முடிவெடுத்த சமயம். பம்பாய் மில் தொழிலாளர் கூட்டத்தில் மஜ்ரூஹ் ஒரு கவிதை படித்தார். நேருவைக் காமன்வெல்த்தின் அடிமை என்றும், ஹிட்லரின் சீடன் என்ற தொனியிலும் சாடிய கவிதை. பம்பாய் மாகாண உள்துறை அப்போது மொரார்ஜி தேசாய் கையில் இருந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகச் சொல்லப்பட்டது. கேட்க மாட்டேன் என்றார் மஜ்ரூஹ். ஏறக்குறைய இரண்டு ஆண்டு சிறை. அதே காலத்தில் நடிகர் பல்ராஜ் சாஹ்னியும் சிறையில் இருந்தார். 2024 டிசம்பரில் மாநிலங்களவையில் அரசியல் சாசன விவாதத்தின்போது நிர்மலா சீதாராமன் இந்தக் கைதை எடுத்துப் பேசினார், நினைவிருக்கலாம். என்னைக் கேட்டால் அந்தக் கவிதை வெறும் கோஷம்தான். அவருடைய கஜலில் ஒரு ஷேருக்குக்கூட அது ஈடாகாது. ஆனால் கோஷத்துக்காக ஒரு கவிஞனைச் சிறையில் போட்டது தவறு, வருமானம் போகும் என்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்காதது அவருடைய கண்ணியம். இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டும்.

சிறையில் இருந்தபோது வீட்டில் பணத்துக்குத் தட்டுப்பாடு. ராஜ் கபூர் உதவ முன்வந்தார். தானமாக வாங்க மஜ்ரூஹ் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்து, எனக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு அதற்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார் என்பது திரையுலகில் பலரும் சொல்லிவந்த செய்தி. அந்தப் பாட்டு 'இக் தின் பிக் ஜாயேகா மாட்டி கே மோல்'. ஒருநாள் மண் விலைக்கு விலைபோய்விடுவாய், உலகத்தில் உன் சொல் மட்டும் மிஞ்சும் என்று போகும். அது படத்தில் வந்தது 1975-இல், 'தரம் கரம்' படத்தில், ஆர். டி. பர்மன் இசையில். எழுதி ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து.

வெளியே வந்தபோது நௌஷாத்தின் நிலையான பாடலாசிரியராக ஷகீல் பதாயூனி அமர்ந்திருந்தார். மஜ்ரூஹ் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இயக்குநர் குரு தத்தும் இசையமைப்பாளர் ஓ. பி. நய்யாரும் கிடைத்தார்கள். 1953-இல் 'பாஸ்', 1954-இல் 'ஆர் பார்', 1955-இல் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55', 1956-இல் குரு தத் தயாரித்த 'சி.ஐ.டி.'. நய்யாரின் மெட்டுகள் துள்ளல், குதிரை நடை. நௌஷாத்தின் ராக உலகத்திலிருந்து இது வெகுதூரம். மஜ்ரூஹ் பேச்சுமொழிக்கு இறங்கினார். தரம் இறங்கவில்லை. 'சி.ஐ.டி.'யில் ஜானி வாக்கர் பாடி நடிக்கும் பம்பாய்ப் பாட்டை எல்லோரும் கேட்டிருப்போம். 'ஏ தில் ஹை முஷ்கில் ஜீனா யஹான்'. கேட்கச் சிரிப்பாக இருக்கும். வரிகளைக் கவனியுங்கள். கட்டடம் இருக்கிறது, டிராம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மில் இருக்கிறது, எல்லாம் கிடைக்கும் இங்கே, மனசு மட்டும் கிடைக்காது. வீடில்லாதவனைப் பார்த்துத் திரிபவன் என்று சிரிக்கிறார்கள், தாங்களே எல்லார் கழுத்தையும் அறுத்துவிட்டு அதற்கு 'பிசினஸ்' என்று பெயர் வைக்கிறார்கள். மில் தொழிலாளர் கூட்டத்தில் கவிதை படித்துச் சிறைக்குப் போன அதே மனிதர், சில ஆண்டுகளில் அதே நகரத்தைப் பற்றி அதே கோபத்தைத் தணிக்கைக் குழு கண் முன்னாலேயே நகைச்சுவை நடிகர் வாயில் வைத்துவிட்டார். நேருவைத் திட்டிய கவிதையைவிட இது எத்தனையோ மடங்கு ஆழமானது. நாடு முழுக்கப் பாடியது.

அடுத்து இசையமைப்பாளர் எஸ். டி. பர்மன். 1957-இல் அவர் சாஹிரிடமிருந்து பிரிந்த பிறகு மஜ்ரூஹுக்கு அந்தப் பக்கம் வேலை கூடியது. 'சல்தி கா நாம் காடி'யில் கிஷோர் குமார் ஐந்து ரூபாய் பன்னிரண்டு அணா பாக்கியைக் கேட்டுப் பாடும் பாட்டும் அவருடையதுதான், 'சுஜாதா'வில் சுனில் தத் தொலைபேசியில் நூதனுக்குப் பாடும் 'ஜல்தே ஹைன் ஜிஸ்கே லியே'யும் அவருடையதுதான். ஒன்று 1958, மற்றது 1959. தலத் மெஹ்மூத் குரலில் அந்த இரண்டாவது பாட்டைக் கேட்டால் ஒரு சொல் கூட அதிகப்படி இல்லை என்று தெரியும். 1964-இல் வந்த 'தோஸ்தி' படத்தின் 'சாஹூங்கா மைன் துஜே'க்கு ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இங்கே உண்டு. கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகம் தமிழில் படமாவதற்கு முன்பே 1965-இல் இந்தியில் 'ஊஞ்சே லோக்' என்று வந்தது. அதற்கு இசை சித்ரகுப்தா, பாடல்கள் மஜ்ரூஹ். ரஃபி பாடிய 'ஜாக் தில்-ஏ-தீவானா'வை அதில் கேட்கலாம். மறுபுறம், அவர் ரோஷன் இசையில் பாடல் எழுதிய 1966-ஆம் ஆண்டின் 'மம்தா' கதையைத்தான் பாலசந்தர் 1970-இல் 'காவியத் தலைவி'யாகச் சௌகார் ஜானகியை வைத்து எடுத்தார்.

சித்ரகுப்தா, ரோஷன் என்று சொல்லும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். அப்பாவுக்கும் எழுதி மகனுக்கும் எழுதியவர் மஜ்ரூஹ், அதுவும் மூன்று குடும்பங்களில். எஸ். டி. பர்மன், பிறகு ஆர். டி. பர்மன். ரோஷன், பிறகு 'குன்வாரா பாப்' படத்தில் ராஜேஷ் ரோஷன். சித்ரகுப்தா, பிறகு அவர் மகன்கள் ஆனந்த்-மிலிந்த்.

ஆர். டி. பர்மன் விஷயத்தில் அவர் பங்கு பாட்டு எழுதியதோடு நிற்கவில்லை. இயக்குநரும் தயாரிப்பாளருமான நாசிர் ஹுசேனிடம் இந்தப் பையனைக் கேட்டுப்பாருங்கள் என்று பரிந்துரைத்தவரே மஜ்ரூஹ்தான். 1966-இல் 'தீஸ்ரி மன்ஸில்' வந்தது. ஷம்மி கபூர் டிரம்ஸ் அடிக்க, ஹெலன் ஆட, கிடாரும் சாக்ஸஃபோனும் முழங்க 'ஓ ஹசீனா ஜுல்ஃபோன்வாலி'. இதை ராக்கெண்ட்ரோல் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். உள்ளே இருப்பது அசல் கஜல். கூந்தல்காரியே, சபை சபையாய் எங்கே அலைகிறாய் தீபமே என்று அவன் கேட்கிறான். அவள் சொல்லும் பதில்தான் அழகு: எரிய வைத்துவிட்டு ஒளிந்துகொண்ட விட்டிலைத் தேடுகிறேன். பாரசீகத்திலும் உருதுவிலும் நூற்றாண்டுகளாக விட்டில்தான் விளக்கைத் தேடிப் போய்ச் செத்தது. மஜ்ரூஹ் அதைத் திருப்பிப்போட்டு, விளக்கையே விட்டிலைத் தேட வைக்கிறார். இரவு விடுதி ஆட்டப்பாட்டில் இப்படிச் செய்ய மரபு கைவசம் இருக்க வேண்டும். நௌஷாத் வைத்த பரீட்சையில் அவிழ்ந்த அதே கூந்தல் இருபது ஆண்டு கழித்து டிரம்ஸ் நடுவே ஆடுகிறது.

என் மனசுக்கு மிக நெருக்கமானது 1970-இல் ராஜிந்தர் சிங் பேடி இயக்கிய 'தஸ்தக்'. மதன் மோகன் இசை. பாலியல் தொழில் நடந்த ஒரு வீட்டுக்கு அது தெரியாமல் குடிவரும் இளம் தம்பதியின் கதை. பழைய வாடிக்கையாளர்கள் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதில் 'ஹம் ஹைன் மதா-ஏ-கூச்சா-ஓ-பாஜார் கி தரஹ்' என்று ஒரு கஜல். தெருவிலும் கடைவீதியிலும் கிடக்கும் சரக்கைப் போல இருக்கிறோம், வாங்குபவனுடைய கண்ணால் பார்க்கிறது ஒவ்வொரு பார்வையும் என்று தொடங்கும். பாரசீகத் தொடர்கள் அடர்ந்த மொழி, எந்தச் சலுகையும் இல்லை. படத்துக்காக எளிமைப்படுத்து என்று யாரும் கேட்கவில்லை போலும். அதே படத்தில் 'மாயி ரீ மைன் காஸே கஹூன்' என்று கிராமத்துப் பெண்ணின் வாய்மொழியில் ஒரு பாட்டு. அம்மா, என் மனசின் வலியை யாரிடம் சொல்வேன் என்கிறாள். மதரஸாவில் படித்த பாரசீகமும் அவத் மண்ணின் பேச்சும் ஒரே ஆளுக்குள் இருந்தன என்பதற்கு இந்த ஒரு படமே போதும். இரண்டு ஆண்டு கழித்து 'பாகீஜா'வின் 'டாடே ரஹியோ'விலும் அந்த மண்வாசம் வீசும்.

1988-க்கு வருவோம். நாசிர் ஹுசேனின் மகன் மன்சூர் கான் இயக்கிய 'கயாமத் சே கயாமத் தக்'. ஆமிர் கான் கிடாரோடு கல்லூரி மேடையில் பாடும் 'பாப்பா கெஹ்தே ஹைன்'. எழுதியவருக்கு வயது 68. அப்பா பெரிய ஆளாவான் என்கிறார், எனக்கோ எங்கே போக வேண்டும் என்றே தெரியவில்லை என்று பதின்பருவத்துப் பையன் பேசுவதை எப்படிப் பிடித்தார்? பாட்டின் வடிவத்தைப் பாருங்கள். முதல் அடி 'நாம் கரேகா' என்று முடிகிறது, இரண்டாவது 'காம் கரேகா' என்று. நாம், காம் என்பது காஃபியா, கரேகா என்பது ரதீஃப். கஜலின் முதல் ஷேர் எப்படி அமைய வேண்டுமோ அப்படியே அமைந்திருக்கிறது. கேட்பவன் ஒரு தடவையிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறான். 1992-இல் 'ஜோ ஜீதா வஹி சிக்கந்தர்' படத்தின் 'பெஹ்லா நஷா' எழுதும்போது எழுபதைத் தாண்டியிருந்தார்.

1993-ஆம் ஆண்டுக்கான தாதாசாஹேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பாடலாசிரியர் அவர்தான்.

இழப்பு ஒன்று உண்டு என்றேனே, அது புத்தகங்கள். அவருடைய கஜல் தொகுப்பு மெலிந்தது. அதன் பெயரும் 'கஜல்' என்பதே. சினிமாவுக்கு எழுதிய கணக்கற்ற பாடல்களோடு ஒப்பிட்டால் புத்தகத்துக்குப் போனது மிகக் குறைவு. இதனால் உருது விமரிசகர்கள் அவரைப் பெரும் உருதுக் கவிஞர் ஃபைஸ் வரிசையில் வைத்துப் பேசத் தயங்கினார்கள். அரசியல் கஜலைத் தொடக்கத்திலேயே செய்து காட்டியவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சினிமா அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது. தரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எழுதிய எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 80-களின் நடுவில் வந்த பல பாட்டுகளை இன்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் 'தஸ்தக்' கஜலை எந்த முஷாயிராவிலும் தலைநிமிர்ந்து படிக்கலாம்.

2000 மே 24 அன்று மும்பையில் காலமானார். அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'புகார்' படத்திலும் ஜாவேத் அக்தரோடு சேர்ந்து அவர் பாட்டு எழுதியிருந்தார். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் முதலில் 'சி.ஐ.டி.'யின் பம்பாய்ப் பாட்டை வரிக்கு வரி பொருள் பார்த்துக் கேளுங்கள், பிறகு 'சுஜாதா', பிறகு 'தஸ்தக்'. 'தீஸ்ரி மன்ஸில்' கடைசியில் இருக்கட்டும். விளக்கும் விட்டிலும் இடம் மாறியிருப்பது அப்போது தானாகவே காதில் விழும்.